வைஃபையை அணைக்கும் வழி வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசித் துறையில் 33 ஆண்டுகள், முதலில் லைன்மேனாகவும் பிறகு தொழில்நுட்பப் பணியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரவிலும் தேவையில்லாத நேரங்களிலும் வீட்டு வைஃபையை அணைத்து வைக்க வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த செய்தியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்து விசாரிப்பவர்களும் உண்டு. அணைத்து வைப்பது நல்லது என்பதே என் கருத்தும். ஆனால் எதை அணைப்பது, எப்படி அணைப்பது என்பதை இணைப்பு கொடுக்க வருபவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை. அந்த ஒரு குறையால் என் அக்கா வீட்டில் நேர்ந்ததைச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அக்காவும் அத்தானும் பாபநாசத்தில் தனியாக இருக்கிறார்கள். அக்காவுக்கு வயது 74. பழைய செம்புக்கம்பி இணைப்பை எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஃபைபர் இணைப்பு கொடுத்தார்கள். லேண்ட்லைன் எண் மாறாமல், வைஃபை தரும் ரூட்டர் பெட்டியின் வழியாகவே வருகிறது. வைஃபை அலை தூக்கத்தைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அக்கா இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப் போகும்போது பெட்டியின் பிளக் ஸ்விட்சை அணைத்துவிடுவார். போன ஐப்பசியில் ஒரு மழை இரவில் அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அக்கா கூடத்துக்கு ஓடி வந்து, முப்பது ஆண்டுகளாகக் கை பழகிய ரிசீவரைத் தூக்கினார். டயல் டோன் இல்லை. வீட்டில் இருந்த ஒரே கைபேசியும் சார்ஜ் தீர்ந்து கிடந்தது. கொட்டும் மழையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் எழுந்து வந்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எலும்பு முறியவில்லை என்பது அவர்கள் செய்த புண்ணியம்.

மறுநாள் நான் போனபோது, "போன் செத்துப்போச்சுடா தம்பி, கம்ப்ளெயிண்ட் குடு" என்றார் அக்கா. சுவரில் இருந்த ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு மூன்று நிமிடங்களில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. தான் அணைத்தது தொலைபேசியையும் சேர்த்துத்தான் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செம்புக்கம்பி இருந்த காலத்தில் தொலைபேசிக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பி வழியாக வந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போனாலும், புயல் அடித்தாலும், கம்பி அறுபடாத வரைக்கும் போன் பேசியது. அப்படிப்பட்ட போனோடு வாழ்ந்தவருக்கு, கண்ணாடி இழையில் ஒளி மட்டுமே வருகிறது, போனுக்கான மின்சாரம் இனிமேல் நம் வீட்டு பிளக்கிலிருந்துதான் வர வேண்டும் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இணைப்பு கொடுக்க வந்த இளைஞர் இருபது நிமிடத்தில் வேலையை முடித்து, அத்தானின் கைபேசி எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனாராம். பெட்டியோடு வந்த குறிப்புத்தாள் முழுக்க ஆங்கிலம்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது மிகச் சிறிய காரியம். பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி விளிம்பில் இருந்த தூசியைத் துடைத்தபோது, விரல் நுனி அளவுகூட இல்லாத இரண்டு பொத்தான்கள் தெரிந்தன. ஒன்றின் அருகே டபிள்யூ.எல்.ஏ.என். (வைஃபையைத்தான் இப்படிக் குறிக்கிறார்கள்) என்றும், மற்றொன்றின் அருகே டபிள்யூ.பி.எஸ். என்றும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதல் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தேன். வைஃபை விளக்கு மட்டும் அணைந்தது. ஃபைபர் விளக்கும் தொலைபேசி விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன. மறுபடி அழுத்தினால் வைஃபை வந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பொத்தான் அங்கேயே இருந்திருக்கிறது.

வைஃபையை அணைக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பவர்களுக்கு, பயமுறுத்தாமல் பதில் சொல்ல விரும்புகிறேன். உடல்நலம் பற்றிய பேச்சுதான் அதிகமாகப் பரவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதத்தில் ரேடியோ அலைகளை "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவின் பொருள், சந்தேகத்துக்கு ஓரளவு இடமுண்டு, உறுதியான சான்று இல்லை என்பதே. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச்சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வீட்டு ரூட்டரின் அலைவலிமை பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. தொலைவு இரு மடங்கானால் அது நான்கில் ஒரு பங்காகக் குறையும். காதோடு ஒட்டி வைத்துப் பேசும் கைபேசியைவிட, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து நம் உடலுக்கு வந்து சேர்வது மிகக் குறைவு. ஆகவே நோய் வந்துவிடும் என்ற பயத்தில் யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து வைஃபையெல்லாம் சுவரைத் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், தேவையில்லாதபோது குறைத்துக்கொள்வோம் என்று ஒரு குடும்பம் நினைத்தால் அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் பெட்டியை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதும் நியாயமானதே.

மின்சார மிச்சம் அதிகமில்லை. 8 வாட் இழுக்கும் பெட்டியை இரவில் 8 மணி நேரம் முழுவதுமாக அணைத்தாலே ஆண்டுக்குச் சுமார் 23 யூனிட்தான் மிஞ்சும். வைஃபையை மட்டும் அணைத்தால் அதிலும் ஒரு சிறு பகுதிதான்.

என்னைக் கவலைப்பட வைப்பது பாதுகாப்புதான். ரூட்டரின் வைஃபை இயங்கும்போது, யாரும் பயன்படுத்தாவிட்டாலும், அது நொடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தெருவில் நிற்பவரின் கைபேசியில் நம் வீட்டு வைஃபையின் பெயர் தெரிவது அதனால்தான். வாசல் திறந்திருக்கிறது என்று அறிவிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பூட்டு மட்டமாக இருந்தால். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாதில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபை வழியாக வேறு யாரோ அனுப்பிய மின்னஞ்சல் அது. ஆனால் விசாரணை முழுவதையும் அவர்தான் சந்திக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது பற்றித் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் அனுப்பியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பாஸ்வேர்டு என்பது வீட்டுக்காரரின் கைபேசி எண்ணாகவே இருக்கிறது; அந்த எண் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறது.

அக்கா வீட்டுப் பெட்டியில் இருந்த இரண்டாவது பொத்தான் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு தட்டாமலே கருவிகளை இணைப்பதற்கான வசதி டபிள்யூ.பி.எஸ். அதில் பொத்தானை அழுத்தும் முறை தவிர, 8 இலக்க எண் கொடுக்கும் முறை ஒன்றும் உண்டு. 8 இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயன்று பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெட்டி அந்த எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் எண் கிடைத்துவிடும் என்று 2011 டிசம்பரில் வெளிப்படுத்தினார்கள். பழைய பெட்டிகளில் பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்திருந்தாலும், இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் பயனில்லை. ஊருக்குப் போகும்போது எல்லாக் கதவையும் பூட்டிப் பார்க்கும் நாம், வைஃபையை அணைத்துவிட்டுப் போவதும் அந்த எச்சரிக்கையின் ஒரு பகுதிதான்.

வைஃபை இல்லாவிட்டால் இணையமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியின் பின்புறத்தில் இருக்கும் துளைகளில் லேன் வயரை, அதாவது கருவிகளைப் பெட்டியோடு நேரடியாக இணைக்கும் கம்பியை, செருகினால் டிவியும் மேசைக் கணினியும் வைஃபை இல்லாமலே ஓடும். வேகமும் ஒரே சீராக இருக்கும். ஒரே வயர் 100 மீட்டர் வரை போகும், நம் வீடுகளுக்கு அது தாராளம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரிக்கல் பைப் போடும்போதே கூடத்திலிருந்து படிப்பறைக்கும் டிவி இருக்கும் சுவருக்கும் ஒரு தனிப் பைப் போட்டுவிடுங்கள். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்கச் சொன்னால் கொத்தனாருக்கும் கோபம் வரும், வீட்டுக்காரருக்கும் செலவு.

ரூட்டரில் அணைத்தால் மட்டும் போதாது, கருவிகளிலும் பார்க்க வேண்டும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஐபோனில் திரையை இழுத்து வைஃபை படத்தைத் தொட்டால் அது அணைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். உண்மையில் அப்போதைக்கு இணைப்பை விடுகிறது, அவ்வளவுதான். மறுநாள் காலை 5 மணிக்குத் தானாகவே திரும்ப வந்துவிடும். செட்டிங்ஸ் உள்ளே போய் அணைத்தால்தான் அணைந்தபடி இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வைஃபையை அணைத்த பிறகும் இருப்பிடம் அறிவதற்காகச் சுற்றுப்புற வைஃபைகளைத் தேடிக்கொண்டிருக்கும் வசதி ஒன்று உண்டு. அதற்குத் தனி ஸ்விட்ச், அது இருப்பிட அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பிரிண்டர்கள் பலவும், ரூட்டரோடு இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், தங்கள் பெயரில் ஒரு வைஃபையைத் தாங்களே பரப்புகின்றன. மாணவர்களுக்குப் பிரதி எடுத்துக்கொடுக்கும் சிறு கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அணைத்தேன் என்று ஒருவர் நினைக்கும்போது அது அணையாமல் இருப்பது எந்தக் கருவிக்கும் அழகில்லை. மின்விசிறி ஸ்விட்சை அணைத்தால் மின்விசிறி நிற்க வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில் 2015 ஜனவரி 29 அன்று இதற்கென ஒரு சட்டமே இயற்றினார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பராமரிக்கும் இடங்களில் அவர்கள் இருக்கும் பகுதியில் வைஃபை கூடாது. தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் பாடத்துக்குப் பயன்படுத்தாத நேரத்தில் அதை அணைத்து வைக்க வேண்டும். வைஃபையை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று கருவியோடு வரும் குறிப்பிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. இந்தக் கடைசி விதியைத்தான் நான் நம் ஊருக்கும் கேட்கிறேன். தடை எதுவும் வேண்டாம். இணைய நிறுவனங்களும், அவற்றின் சார்பில் தெருத்தெருவாக இணைப்பு கொடுக்கும் கேபிள் ஆபரேட்டர்களும், பெட்டியை மாட்டும் அன்றே வீட்டில் இருக்கும் பெரியவரை அழைத்து வைஃபை பொத்தானைக் காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை அழுத்திப் பார்க்கச் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்கான பாஸ்வேர்டை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். என் அனுபவத்தில் அதைக் கேட்டால் தரத் தயங்குகிறார்கள், அல்லது தங்களுக்கே தெரியாது என்கிறார்கள். பெட்டியை முழுதாக அணைத்தால் லேண்ட்லைனும் கண்காணிப்பு கேமராவும் சேர்ந்து நின்றுவிடும் என்பதைத் தமிழில் அச்சிட்டு, பெட்டியின் மேலேயே ஒட்ட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இதைப் படித்துவிட்டு இன்றே முயல்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பொத்தான் இல்லாத பெட்டிகளில், அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் 192.168.1.1 போன்ற எண்ணை பிரவுசரில் தட்டி, அமைப்புப் பக்கத்துக்குள் போய்த்தான் வைஃபையை அணைக்க முடியும், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருந்தால் இரண்டையும் தனித்தனியே அணைக்க வேண்டும். இதை வைஃபையில் இணைந்த கைபேசியிலிருந்து செய்தால், அணைந்த நொடியிலேயே உங்கள் இணைப்பும் அறுந்துவிடும், திரும்பப் போட வழியிருக்காது. லேன் வயரில் இணைந்த கணினியிலிருந்து செய்யுங்கள். அடுத்தது, பெட்டியில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதற்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை வைஃபை பொத்தான் என்று நினைத்து அழுத்திவிடாதீர்கள். ஃபைபர் இணைப்புக்கான விவரங்களும் சேர்ந்து அழிந்து, ஆள் வந்து சரிசெய்யும் வரை இணையமும் தொலைபேசியும் இல்லாமல் இருக்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பப் பணியாளர்,
கும்பகோணம்.