நீ அனுப்பிய வீடியோ

அன்பு மக்களே,

குடும்ப குரூப்பில் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து விமானம் ஏறினதிலிருந்து ஒரு வார்த்தை போடாத நீ, போட்டது இது. பூமி சூடாவது இயற்கை, மனுஷனுக்கு அதில் பங்கில்லை என்று கோட்டு போட்ட ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். அக்காவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனில் தட்டினால் எனக்குப் பாதி எழுத்து மாறிப்போகும், அதனால் தாளில் எழுதி சின்னவளிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. குவைத்தில் ஜூன் பிறந்தால் மதியம் வெளிவேலைக்குத் தடை உண்டாமே, மேஸ்திரி சொன்னாலும் அந்த நேரத்தில் வெயிலில் நிற்காதே. தாகம் எடுக்கிறதற்கு முன்னாலேயே தண்ணீர் குடி.

அந்த ஆள் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் எனக்கு எரிச்சல். பூமி மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. சூரியனைச் சுற்றும் பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் வருடத்தில் மெல்ல மாறும், பனியுகம் வரும், போகும். 20,000 வருடம் முன்னால் கடல் இன்றைவிட 120 மீட்டர் போல கீழே கிடந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பத்தாம் வகுப்பில் நான் இதை நடத்தினபோது, "அப்போ அப்பா வலை விடுற இடம் தரையா டீச்சர்?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. டீச்சர் என்று நீ கூப்பிட்டதற்கா, கேள்விக்கா தெரியாது. எனக்கு அன்று தலைகால் புரியாத பெருமை. அப்படிக் கேட்ட பிள்ளை, இந்த வீடியோவிடம் ஒரு கேள்வி கேட்காமல் அப்படியே தள்ளி விட்டிருக்கிறாயே!

சூரியன் என்கிறார். 1978 முதல் செயற்கைக்கோள் வைத்து அதை அளக்கிறார்கள். பதினோரு வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான், மொத்தத்தில் கூடவில்லை. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அங்கேயோ குளிர்ந்திருக்கிறது, கீழேதான் சூடு. போர்வை போர்த்தினால் உள்ளே வேர்க்கும், வெளியே சூடு வராது, அதே கதை. எரிமலை என்கிறார். 1991-இல் பினாட்டுபோ வெடித்தபோது உலகம் ஒன்றிரண்டு வருடம் அரை டிகிரி குளிரத்தான் செய்தது. எரிமலைகளும் கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடம் விடுவதைப் போல நூறு மடங்குக்குக் குறையாமல் மனுஷன் விடுகிறான். ஆலைகள் பெருகுவதற்கு முன்னால் காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகா பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காற்றை எடுத்துப் பார்த்தார்கள், எட்டு லட்சம் வருடத்தில் அது 300-ஐக்கூடத் தாண்டியதில்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். கார்பனில் கார்பன்-14 என்று நாள்பட நாள்பட சிதைந்து தேய்கிற ஒரு வகை உண்டு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது இருக்காது, பூமிக்குள் கிடந்த காலத்தில் எல்லாம் சிதைந்துபோயிருக்கும். காற்றில் அதன் விகிதம் குறைந்துகொண்டு வந்ததை 1950களிலேயே ஹான்ஸ் சூயஸ் என்பவர் மர வளையங்களில் கண்டுபிடித்துவிட்டார். ஆளைக் காட்டிக்கொடுக்கிற கைரேகை அது.

இதற்காக நம் கடலில் நடக்கிற எல்லாவற்றையும் பூமி சூடாவதன் தலையில் போடவும் மாட்டேன். சாளை ஒரு வருடம் குவிகிறதும் மறு வருடம் காணாமல் போகிறதும் எல் நினோ மாதிரி, அதாவது சில வருடம் பசிபிக் கடல் தானாகச் சூடேறுவது மாதிரி, கடலின் சொந்தக் குணத்தாலும் நடக்கும். நம் கரை போவதில் துறைமுகச் சுவருக்கும் கடலுக்குள் கல் போட்டுக் கட்டின தூண்டில் வளைவுக்கும் ஆற்று மணல் அள்ளினதற்கும் பங்கு உண்டு. கள்ளக்கடலுக்குப் பேர் வைத்தது பாட்டன் பூட்டன் காலத்தில். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ புயல் அடித்தால் அந்த அலை இங்கே வந்து ஏறும். போன தடவை வந்தபோது காற்றே இல்லை, வெயில் பளிச்சென்று அடித்தது. துணி துவைக்கிற கல்லைத் தாண்டி சமையல்கட்டுப் படி வரைக்கும் தண்ணீர், என் சோப்புப் பெட்டியையும் கொண்டுபோய்விட்டது. அலை பழையதுதான், ஆனால் கடல்மட்டம் உயர்ந்திருக்கிறது, அதனால் எட்டும் தூரம் கூடுகிறது. ஓகி புயலையும் இந்தச் சூடுதான் கொண்டுவந்தது என்று ஒற்றை வரியில் சொல்ல மாட்டேன். சூடான கடல் புயலுக்குத் தீனி, அது மட்டும் நிச்சயம். சின்ன மாமா பேச்சு வந்தால் அக்கா குரல் ஏறும் என்பது உனக்குத் தெரியாததா?

அந்த ராத்திரி சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் பற்றி நான் எழுத வரவில்லை. நீ சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனதைப் பற்றியும் இல்லை. ஒன்று மட்டும். நூற்றைம்பது, இருநூறு வருடமாக எத்தனையோ தேசம் எரித்துச் சேர்த்துவைத்த புகை இது. அதை எண்ணெய்க் கம்பெனியில் வெல்டிங் பார்க்கிற என் மகன் கணக்கில் எழுத யாருக்கும் உரிமை கிடையாது. அப்பா வள்ளத்து எஞ்சின் ஓடினது மண்ணெண்ணெயில், அக்கா ஸ்கூட்டர் பெட்ரோலில். மாடி எழும்பினது உன் சம்பளத்தில், அதில்தான் அவளும் பிள்ளைகளும் படுக்கிறார்கள். உன் வேலையைத் தாங்கிப் பேச கோட்டு போட்ட அந்த ஆள் உனக்கு வேண்டாம் மக்களே. உனக்கு நான் போதும். அவர் சொல்வது பொய், அதைத் தெரிந்துகொண்டே நீ வேலைக்குப் போகலாம், நானும் அப்படித்தான் அந்தப் பணத்தை வாங்குகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, குடிக்க விலைக்குத்தான் வாங்குகிறோம். குருசடித் திருவிழா முடிந்தது. மதியத்தில் வெளியே நிற்காதே, திரும்பவும் சொல்கிறேன்.

அக்கா நம்பர் மாறியிருக்கிறது. உன்னிடம் இருப்பது பழையது. கேட்டால் தருகிறேன்.

அம்மா