பானட் உட்கார்ந்துவிட்டது, மச்சான்

கிருஷ்ணகிரி
ஆனி மாதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஷெட்டில் நானே கட்டிக்கொண்டிருக்கும் காரின் பானட், அந்த எஞ்சின் மூடி, சரியாக உட்கார்ந்த பிறகுதான் பதில் போடுவது என்று பிடிவாதமாக இருந்தேன். நேற்று சாயங்காலம் உட்கார்ந்தது. சுற்றிலும் 5 மில்லிமீட்டர் சந்து. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நீ இல்லையே என்றிருந்தது.

வீட்டில் எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி பரவாயில்லை. தோப்பில் தோத்தாபுரி இறங்கிக்கொண்டிருக்கிறது. விலை போன வருஷம் மாதிரியேதான், அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

"கீலை மாத்திட்டியா?" என்று கேட்டிருந்தாய். நானும் மூன்று மாதமாகக் கீல்தான் கோளாறு என்று நினைத்து அதையே திருகிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை.

பொங்கல் சமயத்தில் சேஸிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, ஸ்டாண்டில் நிறுத்திவைத்து ஃபைபர் பாடியை உட்காரவைத்தேன் இல்லையா, அன்றைக்கு பானட் அச்சாகப் பொருந்தியது. போட்டோகூட அனுப்பினேன். பிறகு மாருதி ஜிப்சியின் 1300 சிசி எஞ்சினையும் கியர் பாக்ஸையும் அதற்குள் இறக்கி, நாலு சக்கரத்தையும் தரையில் விட்டேன். பானட்டின் பின்பக்க இடது மூலை 6 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டது. நான் செய்த தப்பு, உடனே அரத்தை எடுத்துக் கீல் ஓட்டையை நீளமாக்கினேன். மூலை இறங்கியது, முன்பக்கம் கோணிக்கொண்டது. அதைச் சரிபண்ணினால் இன்னொரு பக்கம். எடை ஏறினதும் சேஸிஸ் லேசாக முறுக்கிக்கொண்டது, அதோடு சேர்ந்து பாடியும் முறுக்கிக்கொண்டது. எனக்கு அது உறைக்க சித்திரை வந்துவிட்டது.

கீலையும் லாக்கையும் மொத்தமாகக் கழற்றி வைத்தேன். கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதே பாடி போல்ட்டுகளைத் தளர்த்தி, பாடி சேஸிஸில் உட்காரும் இடது முன் மவுண்டுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்று கொடுத்தேன். 6 இருந்தது பாதியானது. மீதிக் கோணல் பானட்டிலேயே இருந்தது. கிரானைட் பாலிஷ் போடும் ஷெட்டுக்குத் தூக்கிப்போய், வழவழப்பான பெரிய பலகைமேல் ஒரே உயரத்தில் நாலு கட்டை வைத்து அதன்மேல் கவிழ்த்தேன். மூன்று மூலை உட்கார்ந்தது, நாலாவது உட்காரவில்லை. நம்ம ஊர்க் கல் பொய் சொல்லாது, மச்சான். அளவு பார்க்கும் கூடங்களில்கூட மட்டம் பார்க்கக் கிரானைட் மேஜைதானே வைத்திருக்கிறார்கள்.

காரணம் என் கைதான். பானட்டைச் சுவரில் சாய்த்தே வைத்திருந்தேன். பாலியெஸ்டர் ரெசின் தொட்டுப் பார்த்தால் இறுகின மாதிரி இருக்குமே தவிர, உள்ளே முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை எப்படி வைக்கிறோமோ அப்படியே படிந்துவிடும். நல்ல வெயிலில் காயவைத்து, தூக்கின மூலையில் மணல் மூட்டை வைத்து, நிழலில் ஆறவிட்டேன். மூன்று மத்தியானம் இப்படிச் செய்ததில் கோணல் போனது. பிறகு காரின்மேலேயே வைத்து, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகளைச் சந்தில் சொருகி, டேப் ஒட்டி, அந்த நிலையிலேயே அடியில் இரண்டு விலா எலும்பு மாதிரி ஃபைபர் பட்டை ஒட்டினேன். இனி முறுக்காது.

இப்போது கீலுக்கு வருகிறேன். நீ படம் கேட்டது அதற்குத்தானே.

என் காரின் பாடி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் சாயல். 1962-ல் அமெரிக்க ரேஸ்காரர் கரோல் ஷெல்பி, இங்கிலாந்து ஏ.சி. கம்பெனியின் காரில் ஃபோர்டு வி8 எஞ்சினை இறக்கிச் செய்தது. அதைப்போலவே என் பானட்டும் மூக்குப் பக்கம் மடங்கும், கண்ணாடிப் பக்கம் தூக்கும். ஓடும்போது லாக் விட்டுப்போனாலும் காற்றே அமுக்கிப் பிடிக்கும் என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடித்தது. ஆனால் கீல் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் முதலில் கீல் சுற்றும் பின்னை பானட் விளிம்புக்கு நேர் கீழே 60 மில்லிமீட்டர் ஆழத்தில் வைத்திருந்தேன். 5 டிகிரி தூக்கினாலே விளிம்பு 5 மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்து மூக்கில் உரசியது. இருந்த சந்து அவ்வளவும் அதிலேயே போய்விட்டது. எத்தனை வாஷர் போட்டாலும் இது தீராது, அச்சு இருக்கும் இடமே தப்பு. இப்போது வாத்துக் கழுத்து மாதிரி வளைத்த கை செய்து, பின்னை மூக்குக்கு உள்ளே 70 மில்லிமீட்டர் முன்னால் தள்ளிவிட்டேன். அதே 5 டிகிரிக்கு விளிம்பு முன்னால் போவதைவிட அதிகமாக, 6 மில்லிமீட்டர் மேலே எழும்புகிறது. ஃபைபர் 4 மில்லிமீட்டர்தான், தாண்டிப் போய்விடுகிறது.

இன்னொன்று, இரண்டு கீலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். கண்ணால் பார்த்து வைத்தது போதவில்லை. திறக்கும்போது நடுவில் இறுகி, ஃபைபர் முனகியது. 12 மில்லிமீட்டர் பிரைட் ராடு, அந்த வழவழப்பான நேர் இரும்புக் கம்பி, ஒன்றை இரண்டு கீலின் ஓட்டையிலும் ஊடே விட்டு, அது கையால் சுற்றும்போதே போல்ட்டை முடுக்கினேன். முனகல் நின்றது. கீல் பிளேட்டில் மேல்கீழாக நீண்ட ஓட்டை, சேஸிஸ் பிளேட்டில் முன்பின்னாக நீண்ட ஓட்டை என்று பிரித்து வெட்டினேன், ஒன்றை அசைத்தால் மற்றது கெடாது. ஒரு தடவைக்கு ஒரே போல்ட், அதுவும் வாஷரைச் சுற்றிப் பென்சில் கோடு போட்ட பிறகுதான்.

பின்பக்க உயரத்துக்கு இரண்டு மூலையிலும் திருகி ஏற்றி இறக்கும் ரப்பர் புஷ். லாக் கடைசியில். அது பிடித்துவைக்க மட்டும்தான், இழுத்து உட்காரவைக்க அல்ல. முன்பு லாக்கால் இழுத்துக் கோணலை மறைக்கப் பார்த்தேன், மூலையில் மயிரிழை விரிசல் விட்டதுதான் மிச்சம். மூடியைத் தள்ளித் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் ஃபைபர் திரும்பவும் முறுக்கும். சாதாரணத் தாங்கு கம்பியே போதும்.

எஞ்சின்மேல் இருக்கும் ஏர் கிளீனர் பானட்டில் தட்டுகிறதா என்று பார்க்க, உன் தங்கச்சி காலையில் கிளறின ராகிக் களியில் நாலு உருண்டை கேட்டு வாங்கினேன். ஏர் கிளீனர்மேல் வைத்து பானட்டை மூடித் திறந்தால், நசுங்கின உருண்டையின் கனம்தான் நடுவில் இருக்கும் இடம். 14 மில்லிமீட்டர் இருந்தது. எஞ்சின் குலுங்க அது தாராளம்.

பெயின்ட் அடித்தால் சந்து குறையும் என்பது ஞாபகம் இருக்கிறது. பிரைமர், கலர், கிளியர் எல்லாம் இரண்டு விளிம்பிலும் ஏறும். அதனால் பெயின்டுக்கு முன்னால் 5, பிறகு 4 வந்தால் போதும்.

இதை வண்டியாகப் பதிந்து ரோட்டில் ஓட்டுவது லேசில்லை என்று தெரிந்துதான் ஆரம்பித்தேன். தோப்பைச் சுற்றியிருக்கும் மண் பாதை போதும் எனக்கு. சென்னைப் பக்கம் சோழவரம் ரேஸில், கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி எஞ்சின் போட்டுச் செய்த ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் ராத்திரி முழுக்க நாம் பேசிக்கொண்டே வந்தோமே, அந்தப் பேச்சுக்கு நான் இப்போதுதான் கை வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. இப்போது கீலில் இருப்பது தற்காலிகப் பின். உன் லேத்தில் ஸ்டெயின்லெஸ்ஸில் இரண்டு பின் கடைந்து தா. தடிமன் 12 மில்லிமீட்டர், நீளம் 45 மில்லிமீட்டர், ஒரு நுனியில் தலை, மறு நுனியில் ஸ்பிளிட் பின் ஓட்டை. கீல் கையின் அட்டை மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன், உன் காருக்கு அப்படியே வெட்டிக்கொள்ளலாம். ஆனால் உன் மூக்கின் ஆழத்தை அளந்த பிறகு வெட்டு.

பின்னை கூரியரில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. தோப்பில் கடைசிப் பழம் இறங்குவதற்குள் வா.

அன்புடன்,
உன் மச்சான்