பாரன் தீவு புகைஞ்சா யானைமலை வெடிக்காது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அந்தமான் பாரன் தீவு எரிமலை திரும்பப் புகையுதுன்னு செய்தி வந்தா போதும், இங்க மதுரை ஒத்தக்கடையில யாராவது ஒருத்தர் நம்ம ஊரு யானைமலையும் உள்ளுக்குள்ள எரிமலைதாங்க, என்னைக்காவது வெடிக்கும்னு ஆரம்பிச்சுடுறாரு, வாட்ஸப்லயும் அதே கதைதான் சுத்துது. செய்தி போடுறப்பவே அந்த எரிமலை ஏன் அங்க இருக்குன்னு நாலு வரி சேத்துப் போட்டா பாதிப் பேச்சு அடங்கிரும்.

அந்தமானுக்கு மேற்கால கடலுக்கடியில நீளமா ஒரு பள்ளம் கெடக்கு, அங்கதான் இந்தியத் தட்டு (பூமியோட மேலோடு துண்டு துண்டா இருக்கு, ஒவ்வொரு பெரிய துண்டையும்தான் தட்டுன்னு சொல்றது) கிழக்கால இருக்கற தட்டுக்கு அடியில சொருகிட்டுப் போகுது. போற பாறைக்குள்ள இருக்கற தண்ணி சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்துல வெளிய வந்து மேல உள்ள சூடான பாறையில கலக்குது, தண்ணி சேந்தா பாறை கம்மியான சூட்டுலயே உருகிரும், உருகுனது மேல ஏறி எரிமலையாகுது (தண்ணிதான் நெருப்ப மூட்டிவிடுதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க). அதனாலதான் எரிமலைங்க கண்ட இடத்துல முளைக்காம பள்ளத்துக்குப் பக்கவாட்டுல வரிசை கட்டி நிக்குது, நார்கொண்டம், பாரன், அப்படியே சுமத்ரா, ஜாவான்னு. வரிசை பள்ளத்துக்கு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமாத்தான் தட்டு இறங்குதுன்னு அர்த்தம், பள்ளத்துக்குக் கிட்டக்க இருந்தா செங்குத்தா இறங்குது, தள்ளி இருந்தா சாஞ்சு இறங்குது. 2004 சுனாமிய உண்டாக்குன நிலநடுக்கமும் இதே பள்ளத்த ஒட்டித்தான் வந்துச்சு.

யானைமலைக்கு அடியில இப்ப எந்தத் தட்டும் சொருகல. அது பல கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கு அடி ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் மாறுன பாறை, மேல இருந்ததெல்லாம் கரைஞ்சுபோய் இப்ப வெளிய தெரியுது.

ஆனா நம்ம பக்கம் தட்டு சொருகவே இல்லன்னும் நெனச்சிராதீங்க. பாலக்காட்டுலருந்து காவிரி வரைக்கும் ஓடுற பாறைப் பட்டை இருக்குல்ல, அங்கன சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடல் மூடி ரெண்டு நிலம் ஒட்டிக்கிச்சுன்னு ஆய்வாளருங்க பல பேரு சொல்றாங்க, மணமேடு பக்கம் பழைய கடல்தரைப் பாறைய அதுக்குச் சாட்சியா காட்டுறாங்க. நாமக்கல் சித்தம்பூண்டி பாறை அதவிடவும் கெழடு, 250 கோடி வருஷம் இருக்கும், அதுவும் ஒரு பழைய எரிமலை வரிசையோட அடிப்பாகம்னு ஒரு கருத்து இருக்கு. சந்திரயானுக்கு நிலா மண்ணு மாதிரி தயார் பண்ண இஸ்ரோ எடுத்துட்டுப் போனது அந்தப் பாறையத்தான், அத மட்டும் எல்லா பேப்பரும் போட்டுச்சு, அது எப்படி அங்க வந்துச்சுன்னு ஒருத்தரும் எழுதல.

அடுத்த தடவ பாரன் தீவு செய்தியோட ஒரு சின்ன மேப்பும் போடுங்கய்யா. பள்ளத்துக்கு ஒரு கோடு, எரிமலைக்குப் புள்ளி, அவ்வளவுதான், நகைக்கடை விளம்பரத்துல ஒரு மூலை எடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒத்தக்கடை வாசகர் ஒருவர்