கறுப்புச் சேலையில் ஜமிக்கி

அன்புள்ள கலா,

எட்டு மாதமாய் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி, அவருக்கு மாற்றல் இன்னும் வந்தபாடில்லை.

போன செவ்வாய்க்கிழமை கதையை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து ஒரு பையன். எதிர்ப்புச் சக்தி செல்லான சி.டி.4 வெறும் 18. மூன்று வாரமாய்த் தலைவலி, இரண்டு நாளாய் வாந்தி. முதுகுநீர் (சி.எஸ்.எஃப்.) பளிங்கு மாதிரி இருந்தது. செல் 4; சர்க்கரை, புரதம் எல்லாம் நார்மல். எச்.ஐ.வி. முற்றினவர்களுக்கு அப்படித்தான் ஏமாற்றும் என்று சாரதா மேடம் தொண்டை கிழியக் கத்துவாரே! புதிதாய் வந்த பெண் மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் ஆன்டிஜெனைக் காட்டும் ஸ்ட்ரிப் போட்டாள். பத்து நிமிஷம் கழித்து, ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு மட்டும். நெகட்டிவ் என்று ரிப்போர்ட்டே எழுதிவிட்டாள்.

எனக்குத்தான் கை அரிக்குமே. மிச்சத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு, பின்னணியைக் கறுப்பாக்கும் இந்தியா இங்க் மை ஒரு சொட்டு. மைக்ராஸ்கோப்பில் நாற்பதில் பார்த்தால், அடியே, கறுப்புச் சேலையில் ஜமிக்கியைக் கொட்டின மாதிரி! ஒவ்வொன்றைச் சுற்றியும் அகலமாய் ஒளிவட்டம், சிலது மொட்டு விட்டுக்கொண்டு. வெள்ளணுவான லிம்போசைட்டா என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். இல்லை, சுவர் கத்தியால் வெட்டின மாதிரித் தெளிவு.

ஆன்டிஜென் அளவுக்கு மீறிக் கிடந்தால் ஸ்ட்ரிப் திணறிவிடும். பந்தியில் கூட்டம் முட்டி இலை போடவே இடமில்லாத கதை. நூறு மடங்கு நீர்த்துப் போட்டேன், கோடு பளிச்சென்று விழுந்தது. அந்தப் பெண் அழுதேவிட்டாள். ரிப்போர்ட் வார்டுக்குப் போகவில்லை, பிழைத்தோம்.

ஸ்ட்ரிப்பை நான் குறை சொல்லவில்லை. பூஞ்சை கம்மியாய் இருந்தால் கோட்டை விடுவது மைதான். 2007-இல் அந்த லாரிக்காரர், ஞாபகம் இருக்கிறதா? மையில் பார்த்து நெகட்டிவ் எழுதினது நான். ஆறாம் நாள், பூஞ்சை வளர்க்கும் சாபரோ தட்டில் பாலாடை மாதிரிக் காலனி. அதற்குள் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். ஸ்ட்ரிப் அப்போது ஏது? இந்தப் பெண்ணைத் திட்ட வாயெடுத்தவள் அதை நினைத்துத்தான் மூடிக்கொண்டேன்.

பையனுக்கு முதுகுநீர் அழுத்தம் 38 செ.மீ. இருந்ததாம். 20 தாண்டினாலே பயம். வடித்துவிட்டதும் தலைவலி இறங்கி, இட்லி கேட்டானாம். பூஞ்சைக்கான மருந்து ஆம்போடெரிசின் ஏறுகிறது.

எங்கள் மைப்புட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. உன் லேபில் இருந்தால் ஒன்று கொடுத்தனுப்பு. முதலில் வெறும் மையை ஸ்லைடில் போட்டுப் பார், அன்றைக்கு மாதிரி புட்டிக்குள்ளேயே பூஞ்சை குடித்தனம் நடத்தப்போகிறது.

உன்,
வசந்தி