கெட்டிக்கார மகளுக்கு அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு, பர்மாவின் மோல்மேனிலிருந்து அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

"அறிவாளிகள்தான் அதிகம் குடிக்கிறார்களாம், ஆராய்ச்சியே சொல்லுதும்மா" என்று போனில் சொன்னாய். மனசு கேட்காமல் நானும் தேடிப் படித்தேன். நீ சொன்னது பொய் இல்லை. பிரிட்டனில் 1970-இல் பிறந்த எட்டாயிரம் பேருக்கு மேல், பத்து வயதில் அறிவுச் சோதனை வைத்து, முப்பது வயதில் குடிப்பழக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் நன்றாகச் செய்தவர்களே பின்னால் அடிக்கடி குடித்தார்கள். ஆனால் குடியால் தொல்லைப்பட்டதும் அவர்களில்தான் கூடுதல். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் பலமாக இருந்தது. இந்தப் பாதியை நீ சொல்லவில்லையே கண்ணு. அதைப் படித்ததிலிருந்து எனக்கு உன் நினைப்புதான்.

ஸ்வீடனில் நேர் எதிர். 1969, 70-இல் ராணுவத்துக்கு அழைத்த 49,000 இளைஞர்களுக்கு மேல் பார்த்ததில், சோதனையில் குறைவாக வாங்கியவர்களே அதிகம் குடித்தார்கள். நாட்டுக்கு நாடு இப்படி மாறுகிறது என்றால், மூளையைவிட, படிப்பால் கிடைக்கும் வேலைக்கும் பணத்துக்கும் கூட்டாளிகளுக்கும்தான் இதில் பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்து வீட்டுக்காரரைப் பார். புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் நாலு நாளும் குடிப்பார். வாசோ மாதப் பௌர்ணமியில் புத்த விரதக் காலம் தொடங்கிவிட்டால் மூன்று மாதம் பாட்டிலைத் தொடமாட்டார். இரண்டு நேரத்திலும் அதே மூளைதான்.

வார்டில் நர்ஸாக இருந்தபோது நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். கணக்கு வாத்தியார். ஊரே மதித்த மூளை. தள்ளாடிக்கொண்டு, கண் நிலைக்காமல், இடம் தெரியாமல் இருந்தவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இப்படி வருகிற குடிகாரர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் வைட்டமின் பி1 ஊசி போடுவோம். குடி சாப்பாட்டைக் குறைக்கும், சாப்பிட்டதிலுள்ள பி1 சத்தையும் குடல் எடுத்துக்கொள்ள விடாது. அந்தச் சத்து இல்லாவிட்டால் சர்க்கரையை மூளையால் பயன்படுத்த முடியாது. அவருக்கு நடை திரும்பியது, ஞாபகம் திரும்பவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் ஐயா என்றால், நடக்காத ஒன்றை நடந்ததுபோல் விவரமாகச் சொல்வார். பொய் சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. அவர் மனைவி பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

"நான் என்ன அவ்வளவா குடிக்கிறேன்?" என்று கேட்பாய். லண்டன் அரசு ஊழியர்கள் 550 பேரை 30 வருஷம் தொடர்ந்து கவனித்து மூளையைப் படம் எடுத்தார்கள், முடிவு 2017-இல் வந்தது. ஒருவரும் குடிக்கு அடிமையானவர் இல்லை. வாரம் 14 முதல் 21 யூனிட் குடித்தவர்களுக்கு, ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சுருங்கும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிட மூன்று மடங்கு. ஒரு யூனிட் என்பது எட்டு கிராம் ஆல்கஹால். ஒரு பெரிய கிளாஸ் ஒயினில் மூன்று யூனிட் வந்துவிடும், வெள்ளிக்கிழமைகளை நீயே கணக்குப் போடு. பெண் உடம்பில் நீர் குறைவு, அதனால் ஆண் குடிக்கிற அதே அளவு உன் ரத்தத்தில் அதிகமாக ஏறும். பக்கத்தில் இருப்பவர்களோடு சரிக்குச் சரி ஊற்றிக்கொள்ளாதே.

ஆபீஸ் விருந்தில் வேண்டாம் என்றால் என்ன நினைப்பார்களோ என்றாயே. எலுமிச்சை சோடா வாங்கிக்கொள், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அதற்காக யாராவது உன் பிரமோஷனில் கை வைத்தால் உடனே எனக்குப் போன் பண்ணு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா