முதல் சம்பளத்தில் 2,400 ரூபா ஏன் குறைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரில் கட்டடப் பொருட்கள் விற்கும் மொத்த வியாபார நிலையம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். சம்பளப் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. உயர்தரம் எழுதிவிட்டோ பட்டம் முடித்துவிட்டோ முதன்முறையாக வேலைக்கு வரும் பிள்ளைகளின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்ப்பவள் நான்தான். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனால் பெயரை வெட்டுபவளும் நான்தான். வேலை கிடைக்காதவர்களைப் பற்றித் தங்கள் பத்திரிகை நிறைய எழுதுகிறது, எழுதத்தான் வேண்டும். வேலை கிடைத்த பிள்ளைக்கு முதல் மாதத்தில் என்ன நடக்கிறது என்பதை எழுத ஆளில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை தனியார் நிறுவனமொன்றில் சேர்ந்தால், "வீட்டில் சும்மா இருக்காமல் போய்வருகிறான்" என்றுதான் தாய் தகப்பன் உறவுக்காரரிடம் சொல்வார்கள். வர்த்தமானியில் அறிவித்தல் வந்து, பரீட்சை எழுதி, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நியமனக் கடிதம் வாங்கினால்தான் அது வேலை. இதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. 2017இல் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராடியபோது நான் தினமும் அவர்களைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிகளை 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தார்கள். அவர்களில் பலர் இன்று அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதனால் காத்திருப்பது மடமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் காத்திருக்கும் காலத்தில் செய்கிற வேலையை வேலையாகவே எண்ணாததால் ஒரு கேடு விளைகிறது. மழைக்கு ஒதுங்கிய பஸ் தரிப்பிடத்தில் கூரை ஒழுகுகிறதா என்று யார் பார்ப்பார்கள்? பிள்ளை ஒன்றும் கேட்பதில்லை. பெற்றோரும் கேட்பதில்லை. முதலாளிக்கு இது மிகவும் வசதி. "நாளைக்கு அரசாங்க வேலை கிடைத்தால் போய்விடுகிற பிள்ளைக்கு எதற்கு நியமனக் கடிதம், எதற்கு சேமலாப நிதி?" என்று ஒருவர் என் முன்னாலேயே கேட்டார். நல்லவேளை, அவர் என் முதலாளி இல்லை. என் முதலாளி இந்த விடயத்தில் ஒழுங்கு. தொழில் திணைக்களத்துக்குப் பயம் பாதி, மனச்சாட்சி பாதி.

கொஞ்ச நாட்களுக்கு முன்பு வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மகள் எங்களிடம் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தாள். தாயின் கையில் சம்பளச் சிட்டை இருந்தது.

"தங்கச்சி, முப்பதாயிரம் என்றுதானே சொன்னீர்கள்? இதில் இரண்டாயிரத்து நானூறு குறைகிறதே. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு கடையில் நிற்கிறாள், அவளுக்கு ஒரு சதம் வெட்டாமல் கொடுக்கிறார்கள்."

"அக்கா, இருங்கள், எழுதிக் காட்டுகிறேன்" என்று நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதினேன். அதை இங்கேயும் எழுதுகிறேன், இதை ஒரு வீட்டிலாவது யாராவது வெட்டி வைக்கட்டும்.

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் என்று ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10,000 ரூபாவாகத் தொடங்கியது, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாக இருக்கிறது. இதற்குக் கீழே யாரையும் முழுநேர வேலைக்கு வைக்க முடியாது. அந்த 30,000இல், பிள்ளையின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்காக 8 வீதம், அதாவது 2,400 ரூபா, பிள்ளையின் சம்பளத்தில் கழிக்கப்படும். முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதம், 3,600 ரூபா, போட வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதம் 6,000 ரூபா பிள்ளையின் பெயரில் சேர்கிறது. இதற்கு மேல், அதுவும் பிள்ளையின் பெயரிலேயே சேரும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம், 900 ரூபா, கட்ட வேண்டும். இதைப் பிள்ளையின் சம்பளத்தில் தொடவே கூடாது. ஆகவே "வெட்டாமல்" 30,000 வாங்குகிற பிள்ளை மாதம் 4,500 ரூபாவை முதலாளியிடமே விட்டுவிட்டு வருகிறாள். வருடத்துக்கு 54,000 ரூபா.

அந்தத் தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் வெட்டுகிறார்கள்" என்றார். நான் அதை விளக்க இன்னும் நாலு வரி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினுடையது. என்னைவிட வயதில் மூத்தது. ஆனாலும் இன்றைக்கும் பல கடைகளில் "ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியட்டும், அதற்குப் பிறகு பதிவோம்" என்று சொல்கிறார்கள். அப்படியொரு சலுகை சட்டத்தில் கிடையாது. நிரந்தரமோ தற்காலிகமோ பயிலுநரோ, வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஒரே ஒரு ஊழியர் இருக்கிற கடைக்கும் இதே விதிதான். சின்னக் கடைக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. 2022இல் சீமெந்து விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்றாக ஏறியபோது எங்கள் பேரேட்டை எழுதியவளே நான்தான். ஆனால் கஷ்டத்தைப் பங்கு போடும்போது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பங்கை மட்டும் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு நியாயம் கிடையாது.

நியமனக் கடிதமும் இப்படித்தான். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. பதவி என்ன, சேர்ந்த திகதி எது, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, விடுமுறை எப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். முதல் நாளே கடிதம் கேட்டால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். சேர்த்துவிட்ட மாமாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. எங்கள் ஊரில் தனியார் வேலை பெரும்பாலும் மாமா, சித்தப்பா, பழைய ஆசிரியர் வழியாகத்தான் கிடைக்கிறது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சிபாரிசு செய்த மாமாவே கூடவே போய், "கடிதம் எப்போது கொடுப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு வரலாம். பெரியவர் கேட்டால் திமிர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடிதம் இல்லாததன் விலை பின்னால்தான் தெரியும். எங்களிடம் நேர்முகப் பரீட்சைக்கு ஓர் இளைஞர் வந்தார். கல்முனைப் பக்கம் ஒரு கடையில் நான்கு வருடம் வேலை செய்தவர். பேசிய பேச்சில் அனுபவம் தெரிந்தது. பீ.வி.சி. குழாய்க்கு எந்த அளவுக்கு எந்த இணைப்பு என்று பார்க்காமலே சொன்னார். நியமனக் கடிதம் கேட்டோம், இல்லை. சேமலாப நிதி இலக்கம் கேட்டோம், இல்லை. சேவைச் சான்றிதழ் கேட்கப் போனால் பழைய முதலாளி முகம் கொடுப்பதில்லையாம். புதியவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில்தான் அவரைச் சேர்த்தோம். அந்த நான்கு வருடம் எந்தத் தாளிலும் இல்லை. ஐந்து வருடம் முடித்தால், வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு உரித்து உண்டு, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆனால் சேர்ந்த திகதியைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டாமா?

இனிப் பிள்ளைகளின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் என் முதலாளி இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு மறைந்துபோகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். வேலை பிடிக்கவில்லை என்றால் போகலாம், அது அவர்கள் உரிமை. ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் சான்றிதழ் கேட்டுத் திரும்பி வர முகம் இருக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கினால் எங்கள் கடையில் ஆள் பிடிப்பது பெரும் பாடு. சடங்கின் முடிவில் வரும் குளிர்த்திக்கு விடுமுறை கேட்பதை யாரும் மறுப்பதில்லை, நானும் போகிறவள்தான். ஒரு வாரம் முன்னால் சொல்லாமல், அன்று காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் லொறியில் வந்த சீமெந்தை யார் எண்ணி இறக்குவது?

வேலையில் மேலே வந்த பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் எல்லோரும் வகுப்பில் முதலாம் பிள்ளைகள் அல்ல. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பையன் ஒருவன், வணிகப் பிரிவில் சாதாரணப் பெறுபேறு. வந்த முதல் வாரத்திலேயே களஞ்சியப் பொறுப்பாளரின் பின்னால் திரிந்து, ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்த்துப் பெயர் கேட்டான். கம்பியில் 10 மில்லிமீற்றருக்கும் 12 மில்லிமீற்றருக்கும் எடை எப்படி வேறுபடுகிறது, எந்தக் கட்டடத்துக்கு எது போகிறது என்று மேசனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான். பொலன்னறுவையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வரும் லொறிச் சாரதிகளிடம் பேசிப் பேசியே சிங்களம் பழகினான். கொழும்பு நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் இப்போது அவனைத்தான் தேடுகிறார்கள். அதே காலத்தில் வந்த ஒரு பட்டதாரிப் பிள்ளை, சிட்டை எழுதுவது தன் படிப்புக்குக் குறைவு என்று முகம் சுளித்தாள். சிட்டை எழுதத் தெரியாதவருக்கு ஐந்தொகை எப்படிப் புரியும் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அன்றே போயிருப்பாள். பிறகு தானாகவே புரிந்துகொண்டு இப்போது என் பக்கத்து மேசையில் இருக்கிறாள், என்னைவிட வேகமாகக் கணினியில் இருப்புக் கணக்குப் பார்க்கிறாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பிள்ளை எங்களுக்குப் பெரிய லாபம். தொலைபேசியில் விலை தெரியாமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் செங்கலடியிலிருந்து வாகனம் பிடித்து வந்த பிறகு முழிக்கிற பிள்ளையால் எல்லோருக்கும் நட்டம். "ஐயா, ஐந்து நிமிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பள்ளிக்கூடத்தில் ஏனோ பழக்குவதில்லை. அங்கே தெரியாது என்றால் அடிதான்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இன்னொன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து நகருக்கு வேலைக்கு வருவது எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆனால் உள்ளூர்களுக்கு மாலையில் பஸ் குறைவு. கடை பூட்டும் நேரத்தைச் சேரும் நாளிலேயே சொல்லாமல், பிறகு "இன்றைக்குக் கணக்கு முடியவில்லை, கொஞ்சம் இருங்கள்" என்று இருட்டும் வரை வைத்திருந்தால், அடுத்த வாரம் தகப்பன் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நல்ல வேலைக்காரப் பிள்ளைகளை இப்படி நாங்கள் இழந்திருக்கிறோம். இதில் பிள்ளையின் மீதோ தகப்பன் மீதோ எனக்குக் கோபம் இல்லை.

பிரதேச செயலகங்களில் மனிதவலு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், தொழிற்சந்தைகளும் நடத்துகிறார்கள். அங்கே சுயவிபரக்கோவை எழுதுவது எப்படி, நேர்முகப் பரீட்சைக்கு என்ன உடுத்துவது என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் தொழில் அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்து, உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பாடசாலைகளில் ஒரு மணி நேரம் சம்பளச் சிட்டை வாசிக்கக் கற்றுக் கொடுத்தால் நல்லது. கட்டாமல் விட்ட சேமலாப நிதிக்காகத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம் என்பதும், வேலையை விட்ட பிறகும் முறையிடலாம் என்பதும் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது தங்களுக்கே. தங்கள் வேலைவாய்ப்பு விளம்பரப் பக்கத்தை நான் தவறாமல் பார்ப்பவள். "கவர்ச்சிகரமான சம்பளம்", "இருபாலாரும் விண்ணப்பிக்கலாம்", பிறகு ஒரு கைத்தொலைபேசி இலக்கம். நிறுவனத்தின் பெயர்கூடச் சிலவற்றில் இல்லை. "பயிற்சியின்போது தங்குமிடம் இலவசம்" என்ற விளம்பரத்தை நம்பிப் போய், முற்பணம் கட்டி, வீடு வீடாகப் பொருள் விற்கச் சொன்னதும் திரும்பி வந்த பிள்ளைகள் என் ஊரிலேயே இருக்கிறார்கள். பெயரும் சம்பளத் தொகையும் வேலை நேரமும் இல்லாத விளம்பரங்களை ஏற்காமல் விட முடியுமா? சொல் கணக்கில் கட்டணம் அறவிடுவதால்தான் சுருக்குகிறார்கள் என்றால், "மாதம் 30,000, சேமலாப நிதி உண்டு, மாலை 6 மணி வரை" என்ற இந்தச் சில சொற்களுக்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்று அறிவித்துப் பாருங்கள். அதன் பிறகும் அவற்றை எழுதாமல் விடுகிறவர்கள் யார் என்று வாசகர்களுக்கே தெரிந்துவிடும்.

நான் இன்னும் அதே இடத்தில் வேலை செய்வதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் எழுதும் ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி.