கண்ணாடி முன்னால் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலையில் கண்ணாடியைப் பார்த்து 'நான் வெற்றியாளன்' என்று இருபது தடவை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ரீதியில் உங்கள் மனநலப் பகுதியில் அடிக்கடி வருகிறது. பாதி சரி, பாதி வம்பு.

2009இல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் குழுவினர், 'நான் அன்புக்குரிய ஆள்' என்று சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்மேல் மதிப்பு வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, தன்னையே மட்டமாக நினைப்பவர்களுக்கோ மனநிலை இன்னும் மோசமானது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கிற குரல் 'யாரு, நீயா?' என்று பழைய கணக்கையெல்லாம் எடுத்து நீட்டிவிடும் போல. யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை!

அமெரிக்க உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988இல் எழுதிய சுய உறுதிப்பாட்டுக் கோட்பாடு வேறு ரகம். அதை ஒட்டி வந்த பயிற்சியில் தற்புகழ்ச்சியே கிடையாது. தனக்கு எது முக்கியம் (நட்போ, நேர்மையோ, இசையோ), ஏன் முக்கியம் என்று சில வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஓரிடத்தில் அடி விழுந்தாலும் நான் என்பது அது மட்டுமில்லை என்று மனசுக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

வாக்கியமாகவே வேண்டுமென்றால், நேர்முகத் தேர்வுக்கு முன் 'எனக்குப் பயமே இல்லை' என்பதைவிட 'பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவேன்' என்பது தேவலை, மனசு மறுத்துப் பேச இடமில்லை. அப்புறம், வாரக்கணக்கில் தீராத சோர்வு என்றால் மருத்துவரைப் பாருங்கள் என்று அந்தப் பகுதியின் அடியில் ஒரு வரியாவது போடுங்கள்.

- ஒரு வாசகர்